நூனோ வெட்டாத குழி

படிக்காவிட்டால் புல்லு வெட்டத்தான் போவாய் என்று சிவநேசனைச் சின்ன வயதில் தகப்பனார் வெருட்டினார். சிவநேசன் வெருண்டு படித்தார். உயர்தரத்தில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறும் எடுத்தார். அதன் பிறகு சுவிஸுக்கு வந்து, பேர்ன் நகரத்து உணவகமொன்றின் பின்கட்டில் பதினொரு வருசம் கோப்பை கழுவி, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு வசந்தம் தொடக்கம் புல்லு வெட்டி வருகிறார். தகப்பனார் சொன்னதில் ஒரு பிழையுமில்லை. படிப்பைத்தான் இடையில் வீணாகக் கொண்டுவந்து செருகிவிட்டார்.

அது சும்மா புல்லுமல்ல. அவர் குடியிருக்கிற ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடமும் நடையில் பத்து நிமிடமும் போனால் வருகிற கோல்ஃப் கழகத்துப் புல்லு. குழியும் கொடியும் நிற்கிற பச்சை வட்டத்துக்குக் கிறீன் என்று பெயர். கோடையில் அங்கே புல்லு மூன்றரை மில்லிமீற்றர் நிற்கவேண்டும். நான்கு என்றால் அங்கத்தவர்கள் முறைப்பாடு எழுதுவார்கள். மூன்று என்றால் புல்லு எழுதாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

குழியையும் ஒரே இடத்தில் வைத்திருக்க முடியாது. ஆட்கள் சுற்றி நின்று மிதித்து அந்த இடம் வழுக்கையாகிவிடும் என்பதால், விடியப்புறம் ஐந்தரைக்கு, பதினெட்டுக் கிறீனிலும் பதினெட்டுப் புதுக்குழி வெட்டவேண்டும். இரும்பு உருளையை மண்ணில் வைத்துத் திருகி இறக்கி, புல்லோடும் வேரோடும் மண்கட்டியை முழுதாக வெளியே எடுத்து, அதே கட்டியால் நேற்றைய குழியை அடைத்துத் தட்டிவிடவேண்டும். குழியின் அகலம் நூற்றியெட்டு மில்லிமீற்றர். அதை உருளை பார்த்துக்கொள்ளும். குழியின் விளிம்பைப் பார்க்க எந்த உருளையும் இல்லை, அது வெட்டுகிறவனின் மணிக்கட்டு. சிவநேசன் வெட்டிய குழியின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றினால் எந்த இடத்திலும் விரல் தடக்காது. அவருடைய உதவியாள், போர்த்துக்கல்காரன் நூனோ, நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஆனால் அவன் வெட்டுகிற குழி யாரோ ஒரு பக்கம் கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் மாதிரி இருக்கும்.

இந்த வியாதி சிவநேசனுக்கு வேலைத்தலத்தோடு நிற்கிறதில்லை. பேர்னைச் சுற்றியிருக்கிற தமிழ் வீடுகளில் பிறந்தநாள் என்றால், கேக் வெட்டியதும் பாட்டு முடிய முன்னமே கத்தி அவருடைய கைக்கு வந்துவிடும். யாரும் கொடுப்பதில்லை. அவரே எடுப்பார். பிள்ளை கோணலாக வெட்டியதை நேராக்கி, நேராக்கியதில் மிஞ்சியதைத் தானே தின்று, மிச்சத்தை ஒரே அளவில் துண்டு போடுவார். சீனி வியாதி அப்படித்தான் வந்ததென்பது மனைவி மனோகரியின் கட்சி.

கழகத்து மண்டபத்திலிருந்து சமையலறைக்குப் போகிற ஒடுங்கிய வழியில் படங்கள் மாட்டியிருக்கும். வருசா வருசம் யூலை மாதத்தில் நடக்கிற நால்வர் அணிப் போட்டியில் வென்றவர்களின் படங்கள். நாலு பேர், நாலு வெள்ளைத் தொப்பி, பின்னால் பதினெட்டாவது கிறீன். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டுப் படத்தில் ஒரு பல்வைத்தியரின் காதுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளியொன்று தெரியும். அது மழையங்கி போட்ட சிவநேசனின் முதுகு. கழகத்தில் அவர் இருந்ததற்கு இருக்கிற அத்தாட்சி அவ்வளவுதான்.

வீடு கட்டியவன் வீட்டைக் காட்டலாம். உணவகத்தில் கோப்பை கழுவியவன்கூட, அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறதென்று சொல்லிக்கொள்ளலாம். புல்லு இரண்டு நாளில் வளர்ந்துவிடும், குழி ஒரு நாளில் மூடுபடும். வருகிற சித்திரையில் அறுபத்தைந்து முடிந்து ஓய்வூதியம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய், இங்கே இருபத்திரண்டு வருசம் நான் செய்தது இதுதான் என்று காட்ட அவரிடம் ஒன்றுமில்லை, அந்தச் செம்மஞ்சள் புள்ளியைத் தவிர. அந்த வழியில் ஒரு படம் வேண்டும், முகத்தோடு. இந்த ஆசையை மனோகரியைத் தவிர வேறு யாருக்கும் அவர் சொன்னதில்லை. ஆசையே ஆனாலும் அது கொஞ்சம் வெட்கங்கெட்ட ஆசை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை சிறீதரனின் தொலைபேசி வந்தது.

சிறீதரன் பலசரக்கு இறக்குமதிக்காரர். இரண்டு வருசத்துக்கு முன் கழகத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தவர். சேர்ந்த நாள் தொடக்கம் கோவிலில் அவர் கும்பிடுகிறபோதுகூட இரண்டு கையும் ஏதோ தடியைப் பிடித்த மாதிரியே இருந்தது. கழகத்தில் சிவநேசனைக் கண்டால் தூரத்திலிருந்து கையைத் தூக்குவார். பக்கத்தில் வெள்ளைக்காரர் நின்றால் கை அரைவாசியில் நின்றுவிடும்.

"சிவநேசண்ணை, எப்பிடிச் சுகம்? நாளைக்கு உங்களுக்கு வேலையோ?"

"விடிய மட்டும்தான். குழி வெட்டிப்போட்டு வந்திடுவன். ஏன்?"

"எங்கட அணியில கோபிசனுக்கு நாரி பிடிச்சுப்போட்டுது. குனியேலாமல் கிடக்கிறான். நாலு பேர் இல்லாட்டி எடுக்கமாட்டினம். உங்களிட்டை விளையாடுற பத்திரம் இருக்குத்தானே?"

இருந்தது. பத்து வருசத்துக்கு முன் கழகம் ஊழியர்களுக்கு இலவசமாகப் பழக்கியபோது எடுத்தது. திங்கட்கிழமைகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஊழியர் விளையாடலாம். யாரோ மறந்துவிட்டுப் போன தடிகள் மூன்றை வைத்துக்கொண்டு சிவநேசன் பத்து வருசமாகத் தனியே விளையாடுகிறார். தூரத்துக்கு அடிக்க வராது. ஆனால் பந்து கிறீனுக்கு வந்துவிட்டால், முடிவெட்டுகிறவனுக்குத் தெரியாத தலைச்சுழியா?

"இருக்கு. ஆனா நான் தூரத்துக்கு அடிக்கமாட்டன் சிறீ."

"அது தெரியும் அண்ணை. நீங்கள் சும்மா நிண்டாப் போதும். ஆள் கணக்குக்கு."

தொலைபேசியை வைத்ததும் மனோகரி கேட்டாள். "என்னவாம் உவர்?"

"நாளைக்கு விளையாட வரட்டாம்."

அவள் ஆஸ்பத்திரி வேலைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "வெண்டால் படம் மாட்டுவினமல்லோ?" என்றாள்.

"சும்மா இரு. ஆள் கணக்குக்குத்தான் கூப்பிட்டவன்."

"முகத்தைச் சவரம் செய்துகொண்டு போங்கோ," என்றாள் மனோகரி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நால்வரும் முதலாவது குழியடியில் கூடினார்கள். சிறீதரன், காப்புறுதி முகவர் ஜனார்த்தன், இங்கேயே பிறந்து வளர்ந்த உடற்பயிற்சி வைத்தியர் பானுஜன், சிவநேசன். அணிக்குச் சிறீதரன் 'பனை' என்று பெயர் வைத்து நாலு சட்டை அடிப்பித்திருந்தார். அச்சகத்துக்காரர் பனை என்றால் என்னவென்று தெரியாமல், கடற்கரையில் வளைந்து நிற்கிற தென்னையொன்றை நெஞ்சில் பதித்துவிட்டார்கள்.

"யாழ்ப்பாணத்தான் நெஞ்சில தென்னையைக் குத்திக்கொண்டு திரியிறதோ?" என்றார் ஜனார்த்தன்.

"வெள்ளைக்காரனுக்கு எல்லாம் ஒண்டுதான், விடும்," என்றார் சிறீதரன்.

கோபிசனின் சட்டை சிவநேசனுக்கு முழங்கால் வரை வந்தது. தென்னையின் அடிமரம் அவருடைய வயிற்றில் தொடங்கியது.

வானம் ஒரு முடிவுக்கு வராமல் கிடந்தது. நாலு பேரின் போனிலும் நாலு வானிலை அப் இருந்தது. சிறீதரனின் அப்பில் வெயில், ஜனார்த்தனுடையதில் மின்னல், பானுஜனுடையதில் மழைக்கு நாற்பது வீதம். நாற்பது வீதம் என்றால் நனைகிறதோ இல்லையோ என்று ஜனார்த்தன் கேட்டதற்கு, நாற்பது வீதம் நனையலாம் அங்கிள் என்று பானுஜன் சொன்னான். சிவநேசன் தன்னுடைய போனை எடுக்கவில்லை. குர்டன் மலைப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டு, "மூண்டு மணி," என்றார். யாரும் கவனிக்கவில்லை.

விளையாட்டின் முறை இலகுவானது. நாலு பேரும் அடிப்பார்கள். நாலில் நல்லதாக விழுந்த பந்தைத் தெரிந்தெடுத்து, அந்த இடத்திலிருந்து நாலு பேரும் திரும்ப அடிப்பார்கள். இப்படியே குழி மட்டும். மொத்தத்தில் குறைந்த அடி அடித்த அணி வெல்லும். மற்ற மூவரின் பிழையும் மறைந்துபோகும், ஒருவனின் கெட்டித்தனம் எல்லோருக்கும் சொந்தமாகும். எங்கள் சங்கங்கள் நடக்கிற முறைக்கு இது எவ்வளவோ மேல் என்று ஜனார்த்தன் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: ஒவ்வொருவரின் முதலடியையும் குறைந்தது மூன்று தரம் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். சும்மா நிற்கிறவனையும் மூன்று தரம் நம்பத்தான் வேண்டும்.

முதல் நாலு குழியிலும் சிவநேசன் சும்மாதான் நின்றார். ஐந்தாவதில், பந்து கொடியிலிருந்து ஆறு மீற்றரில் கிடந்தது. மூவரும் முழந்தாளிட்டு, ஒரு கண்ணை மூடி, தடியைத் தூக்குநூல் மாதிரிப் பிடித்து ஆராய்ந்தார்கள். மூவரும் வலப்பக்கம் சரிவென்று முடிவெடுத்து, மூவரும் தவறவிட்டார்கள்.

"அண்ணை, நீங்களும் ஒருக்கா உருட்டிப் பாருங்கோவன்," என்றார் சிறீதரன், பந்தைப் பொறுக்கக் குனிந்தபடி.

சிவநேசன் குனிந்து பார்க்கவில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் இந்த இடத்தில் நீர்க்குழாய் வெடித்து, தோண்டி மூடியவர் அவர். மூடிய மண் இடப்பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. அவர் வலப்பக்கம் பார்த்து மெல்லத் தட்டினார். பந்து ஊர்ந்து வந்து, எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி இடப்பக்கம் திரும்பி, குழிக்குள் விழுந்தது.

"தற்செயல்," என்றார் ஜனார்த்தன்.

ஏழாவது குழியிலும் தற்செயல் நடந்தது. எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் நடந்தது. பத்தாவதில் சிறீதரன் குனிந்து பார்க்கிறதை நிறுத்திவிட்டு, "அண்ணை, இதென்ன பக்கம்?" என்று கேட்கத் தொடங்கினார். பன்னிரண்டாவதில் சிவநேசனின் தண்ணீர்ப் போத்தலைச் சிறீதரனே தூக்கினார். பதினான்காவதில், பக்கத்துப் பாதையால் போன இரண்டு வெள்ளைக்கார அங்கத்தவருக்கு முன்னால் அவருடைய தோளில் கை போட்டார். அந்தக் கை முழுதாக வந்தது.

பதினேழாவது முடிய மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம். கணக்கு எழுதி வந்த பானுஜன் அட்டையை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். சட்டப்பத்திரங்கள் எழுதுகிற நொத்தாரிசு அம்மையார் ஏஷ்லிமானின் அணி எல்லாக் குழியும் முடித்துவிட்டுப் போய் முதலிடத்தில் இருந்தது. "கடைசிக் குழியை நாலு அடியில முடிச்சா, ஒரு அடியால நாங்கள் வெண்டம்," என்றான்.

தன்னுடைய முகத்தில் என்ன தெரிகிறதோ என்ற பயத்தில் சிவநேசன் நிலத்தைப் பார்த்தார். காலையில் சவரம் செய்த தாடை திடீரென்று குளிர்ந்தது. குர்டன் மலை காணாமல் போயிருந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மின்னல் என்றால் எல்லோரும் உடனே நிறுத்திவிட்டு உள்ளே போகவேண்டும். மணி சரியாக மூன்று.

மழை என்றால் அப்படி மழை. கழக மண்டபத்துக்குள் எழுபது பேர் ஈரச் சப்பாத்தோடு நெருங்கியிருந்து, சொசேஜ் வெட்டிப் போட்ட சலாட்டைச் சாப்பிட்டார்கள். சிவநேசனுக்கும் ஒரு கோப்பையில் சலாட் வந்தது. இருபத்திரண்டு வருசத்தில் இந்த மண்டபத்தில் கதிரையில் இருந்து அவர் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. பரிமாறிய பெண் அவரை இரண்டு தரம் பார்த்தாள்.

அரை மணித்தியாலத்தில் மழை தூறலாக இறங்கியது. யன்னலுக்கு வெளியே பதினெட்டாவது கிறீன் குளமாகக் கிடந்தது. நூனோ தனியாளாக நின்று, நீளத் தடியில் பூட்டிய றப்பர்க் கட்டையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான். மற்ற ஊழியர் இரண்டு பேரும் மைதானத்து அந்தலையில் விழுந்த மரத்தோடு மினைக்கெட்டார்கள். போட்டிக்குப் பொறுப்பான கழகத் தலைவர் ஸ்பிண்டன் யன்னலைத் திறந்து கத்தினார்.

"நூனோ! குழி தண்ணிக்குள்ள! மேட்டுப் பக்கம் மாற்றி வெட்டு!"

நூனோ உருளையை எடுத்துக்கொண்டு போய் மேட்டில் நின்றான். அவன் நின்ற இடத்தைக் கண்டதும் சிவநேசன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அது மேடுதான். ஆனால் அங்கே வெட்டினால் பந்து நிற்காது. நூனோ காலை அகட்டி, தோளால் அமத்தத் தொடங்கினான். ஈர மண்ணைத் தோளால் அமத்தக்கூடாது.

"கையைக் கழுவிக்கொண்டு வாறன்," என்று சிறீதரனிடம் சொல்லிவிட்டு, சிவநேசன் சமையலறை வழியால் வெளியே போனார். போகிற வழியில் படங்கள் இருந்தன. அவற்றைப் பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டோடு இருந்தார்கள், யன்னல் பக்கம் பார்க்க ஆளில்லை. நூனோ உருளையைக் கொடுத்தான். சிவநேசன் பதினாறு அடி நடந்து ஓரிடத்தில் நின்றார். சுற்றிவர ஒரு மீற்றருக்குச் சமதரை, மிதிபடாத புல்லு. முழந்தாளிட்டார். கோபிசனின் சட்டை சேற்றில் படிந்தது. நனைந்த மண் உருளையோடு ஒட்டிக்கொண்டு விளிம்பைக் கிழித்துவிடும். அதனால் உருளையின் உட்புறத்தை விரலால் நனைத்து, அரைத் திருகு வலம், கால் திருகு இடம், மூச்சை விடாமல், மணிக்கட்டால் மட்டும் இறக்கினார். தூக்கியபோது மண்கட்டி முழுதாக வந்தது, ஒரு வேர் அறுபடாமல். குழியின் விளிம்பில் புல்லின் நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. சுட்டுவிரலால் ஒருக்கால் சுற்றிப் பார்த்தார். விரல் எங்கேயும் தடக்கவில்லை.

எத்தனை ஆயிரம் குழி வெட்டியிருப்பார். வறண்ட மண்ணில், பனி உறைந்த மண்ணில், எல்லாவற்றிலும். இப்படியொன்று, அதுவும் மழைக்குள், அமைந்ததில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தார்கள். பிறகு நூனோ பழைய குழியை அடைத்துவிட்டுத் தண்ணீர் தள்ளப் போனான். சிவநேசன் கை கழுவப் போனார்.

நாலரைக்குத் திரும்பச் சங்கு ஊதியது. பதினெட்டாவது குழிக்கான முதலடியை அடிக்க நிற்கையில்தான் பானுஜன் அட்டையைப் பார்த்துத் திகைத்தான்.

"சிவநேசன் அங்கிளின்ட முதலடி ரெண்டு தரம்தான் எடுத்திருக்கிறம். இதில அங்கிளின்ட அடியைத்தான் எடுக்கவேணும்."

சிறீதரன் கண்ணை மூடினார். "முருகா," என்றார். முருகனுக்கு இந்த விளையாட்டு தெரியுமோ என்று ஜனார்த்தன் கேட்டார். சிவநேசன் அடித்தார். பந்து உயரப் போகவுமில்லை, தூரப் போகவுமில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் செய்த மற்ற எல்லாவற்றையும் போல, நேராகப் போய் நடுவில் நின்றது. இரண்டாவதாகப் பானுஜன் வீசி அடித்தது கிறீனுக்குக் கிட்ட விழுந்தது. மூன்றாவது ஜனார்த்தன், ஆளே நம்பாதபடிக்கு, நாலு மீற்றரில் கொண்டுவந்து வைத்தார். மிச்சம் ஒரே உருட்டல். சிறீதரன் தவறவிட்டார். ஜனார்த்தன் தவறவிட்டார். பானுஜனின் பந்து குழி வாசலை எட்டிப்பார்த்துவிட்டு அப்பால் போனது.

மாடத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சிவநேசன் ஈரப் புல்லுக்காக ஒரு சாண் கூடுதலாக மனதில் வைத்துத் தட்டினார். பந்து உருண்டு போய் அந்த விளிம்பில் சத்தமில்லாமல் இறங்கியது.

சிறீதரன் அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு தென்னைகளும் நசுங்கின. கழகச் செயலாளர் கமெராவோடு படியிறங்கி வந்து, நால்வரையும் கொடியடியில் வரிசைப்படுத்தினாள். "சீவா, நீங்கள் நடுவில்," என்றாள். சிவநேசன் நடுவில் நின்றார். கமெரா உயர்ந்தது.

"ஒரேயொரு கேள்வி," என்றார் ஏஷ்லிமான் அம்மையார்.

சுவிஸ்காரர் ஒரேயொரு கேள்வி என்று தொடங்கினால் ஆசனத்தைத் தேடி இருந்துகொள்வது நல்லது. அம்மையார் முதலில் நால்வரையும் பாராட்டினார். சட்டையிலுள்ள தென்னையைப் பாராட்டினார். அதன் பிறகு, அந்தத் தென்னைக்குக் கீழே சட்டை நுனியிலும் முழங்காலிலும் ஏன் சேறு என்று கேட்டார். குழி மாற்றப்பட்டிருக்கிறது, அது மழையின் குற்றம், அதில் தனக்கு மறுப்பில்லை. ஆனால் வெட்டியது யார்?

ஸ்பிண்டன் விதிப்புத்தகத்தை எடுத்தார். மூன்று பேர் தலையை நெருக்கிப் படித்தார்கள். தான் விளையாடப் போகிற குழியைத் தானே வெட்டுகிற விளையாட்டுக்காரனைப் பற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படியொருவன் வருவானென்று எழுதினவர்கள் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஸ்பிண்டன் சொன்னார்: விடிய வெட்டியது வேலைக் கணக்கு. போட்டி தொடங்கிய பிறகு ஊழியர் வெட்டினால் சரி, போட்டியாளர் வெட்டினால் அந்த அணி நீக்கம்.

சிறீதரன் முகத்தில் சிரிப்பு மாறாமல், வானிலையைப் பற்றிக் கதைக்கிற குரலில் தமிழில் சொன்னார். "அண்ணை, நூனோ வெட்டினவன் எண்டு சொல்லுங்கோ. சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ."

"தண்ணி தள்ளேக்கை சேறு பட்டது எண்டு சொல்லலாம்," என்றார் ஜனார்த்தன், தானும் சிரித்தபடி.

சிவநேசன் வாய் திறக்கத் தேவையும் வரவில்லை. றப்பர்க் கட்டையோடு நின்ற நூனோ இந்தப் பக்கம் பார்த்தான். மொழி விளங்காவிட்டாலும் முகங்கள் விளங்கின.

"நான்தான் வெட்டினேன்," என்றான் நூனோ.

அவ்வளவுதான். விசயம் முடிந்தது. ஏஷ்லிமான் அம்மையார் மனதார ஏற்றுக்கொண்டார். தோற்றவர் பெருந்தன்மையாக ஏதாவது செய்யவேண்டுமென்று நினைத்தோ என்னவோ, குழியடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பதினைந்து வருசமாக இங்கே விளையாடுகிறேன். இவ்வளவு சுத்தமான குழியை நான் கண்டதில்லை. அதுவும் மழையில்! நூனோ, நீங்கள் ஒரு கலைஞர்."

நூனோவின் காது சிவந்தது. ஸ்பிண்டனும் வந்து குனிந்தார். அவனுடைய முதுகில் தட்டினார். "பார்த்தாயா சீவா? இனி நீ சித்திரையில் நிம்மதியாகப் போகலாம். இவன் உன்னை மிஞ்சிவிட்டான்."

செயலாளர் திரும்பக் கமெராவை உயர்த்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசனும் சிரிக்கத்தான் நினைத்தார். இன்னும் இரண்டு செக்கன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் படம். அந்த ஒடுங்கிய வழியில், முகத்தோடு, நடுவில். இருபத்திரண்டு வருசம். அவருடைய கண் கமெராவுக்குப் போகாமல் குழிக்குப் போனது. கடித்த பிஸ்கட் வெட்டுகிறவன் அந்தக் குழிக்குச் சொந்தக்காரனாக நின்றுகொண்டிருந்தான்.

"நூனோ இல்லை. நான் வெட்டினது," என்றார்.

கமெரா இறங்கியது. சிறீதரனின் சிரிப்பு மட்டும், யாரும் நிறுத்தச் சொல்லாததால், கொஞ்ச நேரம் தனியே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழமையான ஒழுங்கில் நடந்தது. பனை நீக்கப்பட்டது. ஏஷ்லிமான் அணி நடுவில் நின்று படமெடுத்தது. மாலை விருந்தில் ஸ்பிண்டன் கரண்டியால் கிளாசைத் தட்டி ஒரு பேச்சுப் பேசினார். வெற்றி கையிலிருக்கும்போது உண்மையைத் தெரிந்தெடுத்த மனிதர், அவருடைய மனச்சாட்சி, இந்த விளையாட்டின் ஆன்மா. எழுபது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நேர்மைக்கென்று ஒரு பரிசு அந்த இடத்திலேயே உண்டாக்கப்பட்டது. ஒரு பெரிய குடை, கழகத்துச் சின்னத்தோடு. குடையை வாங்கியபோது சிவநேசன், "ஷோ குவெட்," என்றார். பேர்ன்காரர் எதற்கும் சொல்கிற 'பரவாயில்லை'. அடக்கத்தையும் பாருங்கள் என்று இன்னொரு தரம் கைதட்டினார்கள்.

செயலாளர் அவரைத் தனியே பதினெட்டாவது கிறீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை சுவரில் இரண்டு படம் மாட்டப்போகிறார்களாம்.

சிவநேசன் குழிக்குப் பக்கத்தில் நின்றார். "குழியும் வரட்டும்," என்றார்.

"வரும், வரும். இங்கே பாருங்கள், சீவா."

சிவநேசனைச் சிறீதரனின் வாகனத்தில் ஓஸ்டர்முண்டிகனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இறங்கும்போது ஜனார்த்தன் சொன்னார். "உண்மை விளம்பி எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இண்டைக்குத்தான் நேரில கண்டன். எங்கட காசிலை."

"சட்டையைத் தோய்ச்சுக் கோபிசனிட்டைக் குடுத்திடுங்கோ அண்ணை," என்றார் சிறீதரன்.

வீட்டில் மனோகரி குடையை விரித்துப் பார்த்தாள், சுருக்கி வைத்தாள், நடந்ததைக் கேட்டாள். சிவநேசன் எல்லாவற்றையும் சொன்னார்.

"நேர்மையெண்டு கை தட்டுறாங்கள், மனோ. நான் நேர்மைக்கெண்டு சொல்லேல்லை."

"எனக்குத் தெரியாதோ? ஆர் வெட்டின கேக்கை நீங்கள் நேராக்காமல் விட்டிருக்கிறியள்? நீங்கள் வெட்டினதை இன்னொருத்தன்ர பேரில விடுவியளோ?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவ்வளவு வடிவாயோ வந்தது?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார் சிவநேசன்.

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு அவர் பதினெட்டாவது கிறீனுக்குப் போனார். குழி அப்படியே இருந்தது. இன்னோரிடத்தில் புதுக்குழி வெட்டி, அந்தக் கட்டியால் இதை அடைத்து, காலால் தட்டி, தண்ணீர் ஊற்றினார். அது வேலை. பத்து மணிக்கு வந்த யாருக்கும் அந்த இடம் தெரிந்திருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சிறீதரன் கோவில் வாசலில் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். கதையில், "வெற்றி கிடக்கட்டும், நாங்கள் தமிழர், உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை," என்று சொன்னவர் சிறீதரன்.

படம் மூன்று கிழமையால் வந்தது. நல்ல மரச்சட்டம். ஏஷ்லிமான் அணிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், தனியே. சவரம் செய்த முகம், நேராகப் பார்க்கிற கண், கையில் குடை, நெஞ்சில் தென்னை. சட்டம் அவருடைய முழங்காலோடு முடிந்திருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் 'நேர்மைக்காக' என்று ஜெர்மனில் பொறித்திருந்தார்கள்.

சிவநேசன் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு சட்டத்துக்குக் கீழே, வெறும் சுவரில், ஒரு சாண் அளந்து, வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, சுட்டுவிரலை வைத்தார். குழி இவ்விடத்தில்தான் வரும்.

வாளியோடு சமையலறைப் பக்கம் போன நூனோ நின்றான். படத்தைப் பார்த்தான், சுவரில் இருந்த விரலைப் பார்த்தான்.

"நல்ல படம், சீவா."

"ஷோ குவெட்," என்றார் சிவநேசன். விரலை எடுக்கவில்லை.